சின்னக் குழந்தைகளை வீட்டு வேலைக்கு எந்த வயதில், எப்படிப் பழக்கலாம்?

வயதைக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றரை வயதிலேயே அதுகளாக ஆரம்பித்துவிடும். துடைப்பத்தைப் பிடுங்கும், கூட்டி வைத்த குப்பையைக் கலைக்கும். நமக்கு அது தொல்லை, அதுகளுக்கு அதுதான் வேலை. "போ, போய் விளையாடு" என்று விரட்டுவது நாம்தான்.

பெரம்பூரில் இரண்டாவது மாடி வீடு. மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. காலைச் சமையல் என் பொறுப்பு. மகன் சின்னவனாக இருந்தபோது தட்டு கழுவ வந்தால், சட்டை நனையும், வேன் வந்துவிடும் என்று தள்ளித் தள்ளி விட்டேன். ஐந்து வயதில் "தட்டை எடுத்துப் போடுப்பா" என்றால் காதில் விழாத மாதிரி இருந்தான். சரி, ஒரு வேலைக்கு ஐந்து ரூபாய் என்றேன். பத்து நாள் ஜோராக ஓடியது. அப்புறம் ஒரு நாள் என் அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தரச் சொன்னார். "எவ்ளோ தருவ ஆயா?" என்றான். எனக்குத்தான் சுருக்கென்றது.

பிறகு தேடியபோது வார்னெகன், டோமசெல்லோ என்ற உளவியலாளர்கள் 20 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு கிடைத்தது. 2008-ல் வந்தது. உதவியதற்குப் பொருளாகப் பரிசு வாங்கிய குழந்தைகள், எதுவும் வாங்காத குழந்தைகளைவிடப் பின்னால் குறைவாகவே உதவினார்களாம். நான் ஐந்து ரூபாயிலேயே தெரிந்துகொண்டேன்.

மகளிடம் உஷாராகிவிட்டேன். முருங்கைக்கீரையைச் சாயங்காலமே பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்தால், காலையில் இலை காம்பை விட்டுக் கழன்றிருக்கும். அவள் கையில் கொடுத்து உதறச் சொல்வேன். பொலபொலவென்று கொட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்! சேர்ந்து விழுந்த காம்பைப் பொறுக்குவதும் அவள்தான். பாதி தப்பிவிடும். அவள் எதிரில் நான் திரும்ப ஆயமாட்டேன். பொரியலில் காம்பு பல்லில் சிக்கினாலும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. அம்மா மட்டும் திறப்பார்.

மரியா மாண்டிசோரி 1939-ல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் முறையில் தண்ணீர் ஊற்றுவது, பட்டன் போடுவது, மேசை துடைப்பது எல்லாமே பாடம். சாமான் நிஜமாக இருக்கவேண்டும், அளவு மட்டும் குழந்தை கைக்கு ஏற்றபடி. அதைப் படித்துவிட்டுத்தான் பூந்துடைப்பத்தின் பிடியை வெட்டிக் குட்டையாக்கினேன். பொம்மைத் துடைப்பம் ஒன்று இருந்தது, அதை அவள் சீண்டியதே இல்லை.

அடுப்பு, அரிவாள்மனை, பினாயில் பக்கம் இப்போதைக்கு இருவரையும் விடுவதில்லை.

மகனுக்குத்தான் நாளாயிற்று. காசை நிறுத்தியதும் வேலையும் நின்றது, நானும் கெஞ்சவில்லை. கடைசியில் அவனாகப் பிடித்துக்கொண்டது கீழே இருக்கும் மெட்ரோ வாட்டர் அடிபம்பை. கைப்பிடியில் தொங்கித் தொங்கி அரைக் குடம் அடித்து, தூக்கிக்கொண்டு மாடி ஏறுவான். போன வாரம் படியெல்லாம் தண்ணீர் என்று கீழ்வீட்டு அக்கா சத்தம் போட்டார். பழைய துணி ஒன்றை அவன் கையில் கொடுத்து அனுப்பினேன். துடைத்த லட்சணத்தை நான் போய்ப் பார்க்கவில்லை.