ஒரு பாயிண்டுக்கு எத்தனை பைசா? கிரெடிட் கார்டு கேள்வி பதில்

காட்பாடி காந்தி நகரில் காலை நடை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தால், யாராவது ஒருவர், கிரெடிட் கார்டில் செலவு செய்தால் வங்கி தரும் பாயிண்ட் பற்றிக் கேட்டுவிடுவார்கள். பதினோரு வருடமாகக் கார்டு வைத்திருக்கிறேன், ஒரு மாதம்கூட வட்டி கட்டியதில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இந்த வாரம் நேரிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

சத்துவாச்சாரி, பள்ளி ஆசிரியை: சார், 18,400 பாயிண்ட் சேர்ந்திருக்கிறது. கார்டு ஆப்பில் ஒரு மிக்ஸி 16,000 பாயிண்டுக்குக் காட்டுகிறது. வாங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள் மேடம். அதே மிக்ஸி லாங் பஜாரில் 3,600 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். 3,600-ஐ 16,000-ஆல் வகுத்துப் பாருங்கள். பாயிண்டுக்கு இருபத்திரண்டரை பைசாதான் வருகிறது.

நீங்கள் அனுப்பிய மற்ற ஸ்கிரீன்ஷாட்டுகளையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பில்லில் கழித்துக்கொண்டால் பாயிண்டுக்கு 20 பைசா, மொத்தம் 3,680 ரூபாய். கடை வவுச்சராக எடுத்தால் 35 பைசா, 6,440 ரூபாய். விமான டிக்கெட்டுக்குப் போட்டால் 50 பைசா, 9,200 ரூபாய். பாயிண்ட் ஒன்றுதான், எடுக்கிற வழியில் இத்தனை வித்தியாசம்.

உங்கள் மகன் டெல்லியில் படிக்கிறான். பொங்கலுக்கு அவன் வந்து போக இந்தப் பாயிண்டைப் போடுங்கள். ஆனால் வங்கி தளத்தில் காட்டும் டிக்கெட் விலையை விமான நிறுவனத்தின் தளத்திலும் பார்த்துவிடுங்கள். அங்கே ஐந்நூறு ரூபாய் குறைவாக இருந்தால் உங்கள் லாபத்தில் ஐந்நூறு போய்விடும். சில கார்டுகளில் டிக்கெட் விலை முழுவதையும் பாயிண்டில் கட்ட விடமாட்டார்கள், ஒரு பங்கைக் கையிலிருந்து போட வேண்டும். பல வங்கிகள் பாயிண்டை எடுக்கும்போது 99 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. அதனால் ஆயிரம், இரண்டாயிரம் பாயிண்டாக அடிக்கடி எடுக்காமல் ஒரே தடவையில் எடுப்பது நல்லது.

குடியாத்தம், கைலி வியாபாரி: அண்ணே, நான் போகிற கடையில் எல்லாம் கியூஆர் அட்டைதான். கார்டு தேய்க்க மெஷினே இல்லை. எனக்குப் பாயிண்ட் எங்கே சேரும்?

ரூபே கிரெடிட் கார்டு ஒன்று வாங்கி யுபிஐ ஆப்பில் இணையுங்கள். 2022 முதல் இந்த வசதி இருக்கிறது. கியூஆர் ஸ்கேன் செய்தால் பணம் கார்டிலிருந்து போகும். வியாபாரக் கணக்கின் கியூஆராக இருந்தால்தான் இது வேலை செய்யும். காய்க்காரம்மா மகனின் சொந்தக் கணக்கு கியூஆரை மாட்டி வைத்திருந்தால் போகாது. யுபிஐ செலவுக்குச் சில கார்டுகள் பாயிண்டைக் குறைத்துத் தருகின்றன. வாங்கும் முன்பே அதைக் கேளுங்கள்.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்: போன மாதம் 40,000 பில்லுக்கு மினிமம் டியூ (கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டினேன். பாயிண்ட் வருமா?

தம்பி, பாயிண்ட் வரலாம். ஆனால் அதை இப்போது பார்க்காதீர்கள். உங்கள் கார்டில் நூறு ரூபாய்க்கு 2 பாயிண்ட், பாயிண்டுக்கு 25 பைசா. 40,000 ரூபாய்க்கு 800 பாயிண்ட், 200 ரூபாய். இந்தப் பக்கம் வட்டியைப் பாருங்கள். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் சுமார் 1,400 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் 1,650-ஐத் தாண்டும். வருடத்துக்கு 42 சதவீதம்! அது மட்டுமில்லை. பாக்கி நிற்கும் வரை நீங்கள் புதிதாக வாங்குகிற பிரியாணிக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வட்டியில்லாத நாட்கள் கிடையாது.

இன்றைக்கே கார்டைப் பீரோவில் வையுங்கள். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக் கடன் வாங்கி இதை அடைத்துவிடுங்கள், அந்த வட்டி இதில் பாதிகூட வராது. பாக்கி பூஜ்யம் ஆன பிறகு என்னிடம் வாருங்கள், பாயிண்டைப் பற்றிப் பேசலாம்.

ராணிப்பேட்டை: பெட்ரோலுக்கு?

பெரும்பாலான கார்டுகளில் பாயிண்ட் இல்லை. கார்டில் பெட்ரோல் போட்டால் கூடுதலாகப் பிடிக்கும் ஒரு சதவீத சர்சார்ஜைத் திருப்பித் தருவார்கள், அவ்வளவுதான்.

திருப்பத்தூர், மகளைப் பொறியியல் சேர்ப்பவர்: கல்லூரிக் கட்டணம் இரண்டு லட்சத்தையும் கார்டில் கட்டினால் நிறையப் பாயிண்ட் வருமே?

கல்லூரியின் கட்டணப் பக்கத்தில் கிரெடிட் கார்டுக்குத் தனியாக எவ்வளவு கூட்டுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். வேறு ஆப் வழியாகக் கட்டினால் பல வங்கிகள் ஒரு சதவீதம் பிடிக்கும். இரண்டு லட்சத்துக்கு 2,000, ஜிஎஸ்டி 360. கல்விக் கட்டணத்துக்குப் பாயிண்டே தராத கார்டும் உண்டு. இந்தச் செலவால் உங்கள் கார்டின் வருடக் கட்டணம் ரத்தாகும் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

காட்பாடியில் ஏறி தினமும் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்: ஐஆர்சிடிசி எஸ்பிஐ கார்டு எடுக்கலாமா?

அதில் ஏசி வகுப்பு டிக்கெட்டுக்குத்தான் அதிகம் திரும்ப வரும். நீங்கள் சீசன் டிக்கெட்டில் போகிறீர்கள். வேண்டாம்.

வாலாஜா, ஓய்வு பெற்றவர்: பாயிண்டை இன்னும் சேர்த்து வைக்கலாமா ஐயா?

ரொம்ப நாள் வைக்காதீர்கள். பல கார்டுகளில் இரண்டு மூன்று வருடத்தில் பாயிண்ட் காலாவதியாகும். நான் 6,200 பாயிண்டை அப்படி இழந்திருக்கிறேன். குடும்பத்தோடு அந்தமான் போகலாம் என்று சேர்த்து வைத்தது. ஒரு நாள் ஆப்பைத் திறந்தால் பூஜ்யம். அன்றிலிருந்து மாதாமாதம் ஸ்டேட்மென்டில் காலாவதித் தேதியைப் பார்த்த பிறகுதான் பில்லைக் கட்டுகிறேன்.

தொரப்பாடி, ஓர் அம்மா: "உங்கள் 9,850 பாயிண்ட் இன்றோடு முடிகிறது" என்று மெசேஜ் வந்தது தம்பி. லிங்கைத் தொட்டுவிட்டேன், ஏதோ ஆப் இறங்கியது. ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை.

பயப்படாதீர்கள் அம்மா. ஆனால் ஓடிபி சொல்லவில்லை என்று சும்மா இருக்க முடியாது. அந்த ஆப்பே உங்கள் மெசேஜைப் படித்து ஓடிபியை எடுத்துவிடும். முதலில் போனில் நெட்டை நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து, கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு கார்டைப் பிளாக் செய்யச் சொல்லுங்கள், வங்கிக் கணக்கையும் கவனிக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள், சைபர் குற்றப் புகாருக்கு அதுதான் எண். மெசேஜை மட்டும் அழிக்காதீர்கள், புகாருக்கு வேண்டும். சாயங்காலம் நான் தொரப்பாடிப் பக்கம் வருகிறேன். அந்த ஆப்பைச் சேர்ந்து தேடி எடுத்துவிடலாம்.