பாய்மரப் படகை எஞ்சினில் ரிவர்ஸ் எடுத்தால் பின்புறம் ஏன் ஒரே பக்கம் இழுக்கிறது?

கேள்வி: காசிமேட்டில் லாஞ்ச் (எஞ்சின் வைத்த மீன்பிடிப் படகு) ஓட்டிப் பழகியவன். இப்போது 32 அடி பாய்மரப் படகு ஒன்றை எஞ்சினில் ஓட்டுகிறேன். முன்னால் போகும்போது சொன்ன பேச்சு கேட்கிறது. ரிவர்ஸ் போட்டால் சுக்கானை எப்படித் திருப்பினாலும் பின்புறம் இடப்பக்கமே போகிறது. சுக்கானில் கோளாறா?

பதில்: சுக்கானில் ஒன்றும் இல்லை. ரிவர்ஸ் போட்ட முதல் சில நொடிகளுக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான். முன்கியரில் புரொப்பல்லர் தள்ளும் தண்ணீர் நேராகச் சுக்கான்மேல் அடிக்கும், அதனால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். ரிவர்ஸில் அந்தத் தண்ணீர் அணியத்தை, அதாவது படகின் முன்முனையைப் பார்த்துப் போய்விடுகிறது. படகு பின்னால் நகர ஆரம்பித்து ஒன்றரை, இரண்டு நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகம் வந்தபிறகுதான் சுக்கானுக்குப் பிடிப்பு.

இடப்பக்கம் இழுப்பதற்குக் காரணம் புரொப்பல்லர் சுற்றும் திசை. பெரும்பாலான படகுகளில், பின்னாலிருந்து பார்த்தால், முன்கியரில் கடிகார முள் சுற்றும் பக்கம் சுற்றும், ரிவர்ஸில் அதற்கு எதிர். அப்போது வலப்பக்கத்துத் தண்ணீர் மேலே எழும்பிப் படகின் அடிவயிற்றில் மோதிப் பின்புறத்தை இடப்பக்கம் தள்ளுகிறது, இடப்பக்கத்துத் தண்ணீர் கீழே நழுவிவிடுகிறது. புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் சாய்ந்திருந்தால் இழுப்பு இன்னும் கூடும். லாஞ்சிலும் இது உண்டு. ஆனால் அதன் எடையும் அடியில் நீளமாக ஓடும் ஏராக்கட்டையும் (கீல்) சட்டென்று திரும்ப விடாது. உங்கள் படகில் ஏரா நடுவில் மட்டும் ஆழமாக இறங்குகிறது என்றால், அதையே அச்சாக வைத்துச் சுழன்றுவிடும்.

எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைக் கட்டியிருக்கும்போதே பார்த்துவிடலாம். கயிறுகளை இறுக்கிவிட்டு ரிவர்ஸில் மெதுவாக ஓட விடுங்கள். நுரை எந்தப் பக்கம் கிளம்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பின்புறம் போகும்.

இனி எடுக்கும் முறை. பின்புறம் இடப்பக்கம் போகும் என்று தெரிந்துவிட்டதால், கிளம்பும்போதே அதைப் போகவேண்டிய கோட்டுக்கு வலப்பக்கமாக 20, 30 டிகிரி திருப்பி வையுங்கள். ரிவர்ஸ் போட்டு 1500 ஆர்.பி.எம். வரை மூன்று நான்கு நொடி கொடுங்கள். இழுப்பே படகை நேராக்கிவிடும். நகர ஆரம்பித்ததும் நியூட்ரல். இதுதான் பலரும் செய்யத் தயங்கும் இடம். திரும்பவில்லையே என்று இன்னும் ஆக்ஸிலேட்டர் கொடுப்பார்கள், இழுப்பும் கூடவே ஏறும். நியூட்ரலில் இழுப்பு நின்றுவிடும், ஓட்டம் மிச்சமிருக்கும், சுக்கான் பிடிக்கும். ஓட்டம் குறைந்தால் இன்னொரு முறை சின்னதாகக் கொடுங்கள்.

முன்கியரிலிருந்து ரிவர்ஸுக்கு லீவரை ஒரே இழுப்பில் தள்ளவேண்டாம். நியூட்ரலில் இரண்டு நொடி நிறுத்தாவிட்டால் கியர்பாக்ஸ் கிளட்ச் தேயும்.

ரிவர்ஸில் சுக்கானைக் கையிலிருந்து விடவே கூடாது. அது முன்னோரத்தில் தொங்குகிறது, இப்போது தண்ணீர் பின்னோரத்தில் வந்து அடிக்கிறது. பாதி திறந்த கதவைக் காற்று பிடுங்குவது போலச் சுக்கானையும் பிடுங்கிக் கடைசிவரை கொண்டுபோய் அடித்துவிடும். வீலுக்குப் பதில் டில்லர் (சுக்கானைத் திருப்பும் நீளமான கைப்பிடி) என்றால் விலா எலும்புக்கும் ஆபத்து. படகு பின்னால் ஓடும்போது 20 டிகிரிக்கு மேல் திருப்பாதீர்கள், வேகத்தையும் கட்டுக்குள் வையுங்கள். வீல் இருந்தால் அதற்கு முன்பக்கம் வந்து பின்னால் பார்த்து நின்றுகொள்ளுங்கள், குழப்பம் பாதி தீரும்.

அடுத்தது காற்று. சீமையில் எழுதிய படகுப் புத்தகங்கள் ஓதத்தை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். சென்னையில் ஓத ஏற்ற இறக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். துறைமுகத்துக்குள் உங்களைப் படுத்துவது மதியத்துக்கு மேல் ஏறும் கடற்காற்று. அணியத்தின் அடியில் ஆழம் குறைவு, மேலே சுருட்டிய பாய் வேறு, ஆகவே காற்று முதலில் அணியத்தைத்தான் தள்ளும். பின்புறத்தைக் காற்றுக்குக் காட்டி எதிர்த்துப் போனால் படகு சாதுவாக வரும். பக்கக்காற்றில், வேகம் எடுக்கும் முன்பே அணியம் சரிந்துவிடும். விடிகாலையில் பழகுவது நல்லது.

குறுகலான இடத்தில் வலப்பக்கம் சுற்ற இந்த இழுப்பு வரம். வீலை முழுக்க வலப்பக்கம் திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டு, முன்கியரில் இரண்டு நொடி, நியூட்ரல், ரிவர்ஸில் மூன்று நொடி, மறுபடி முன்கியர். படகு நின்ற இடத்திலேயே சுற்றும். இடப்பக்கம் சுற்றப் பார்த்தால் ரிவர்ஸ் போடும் ஒவ்வொரு முறையும் எதிராக வேலை செய்யும்.

மடங்கும் புரொப்பல்லர் என்றால் ரிவர்ஸில் தள்ளு குறைவு. உந்துவிசை இலைகளை மூடப் பார்க்கும், சுழலும் வேகம்தான் அவற்றை விரித்து வைக்கிறது. ஆர்.பி.எம். கூடுதலாக வேண்டும், நிறுத்தவும் கூடுதல் தூரம் வேண்டும்.

காசிமேட்டுத் தண்ணீரில் அறுந்த வலையும் கயிறும் மிதக்காத நாள் கிடையாது. ரிவர்ஸ் போடும் முன் பின்பக்கம் எட்டிப் பாருங்கள், உங்கள் கட்டுக்கயிறும் தண்ணீரில் கிடக்கக்கூடாது. எஞ்சின் திணறி நின்றால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், கயிறு இன்னும் இறுகி, தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கும் ஷாஃப்ட் சீலைக் கெடுக்கும். நங்கூரம் போட்டு, சாவியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகு ஆளை இறக்கி அறுத்தெடுங்கள்.