மறுமொழி: 8 செஷனை 5 ஆகக் குறைக்கக் கேட்கலாமா?

வணக்கம் டாக்டர். இங்கிலாந்தில் சம்பளத்துக்கு ஜிபியாக (குடும்ப மருத்துவராக) வாரம் 8 செஷன், அதாவது எட்டு அரை நாள் வேலை, பார்க்கிறீர்கள், குழந்தைக்கு ஒன்றரை வயது, 5 ஆகக் குறைக்கக் கேட்டால் கிளினிக்கை நடத்தும் பார்ட்னர் டாக்டர்கள் முகம் சுளிப்பார்களோ என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து, வேலையில் சேர்ந்த முதல் நாளே வேலைநேரத்தை மாற்றக் கோரும் உரிமை உண்டு. இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். வாய்வார்த்தையாக வேண்டாம், எழுதிக் கொடுங்கள்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். பிஎம்ஏ (பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம்) வெளியிட்ட மாதிரி ஒப்பந்தப்படி ஒரு செஷன் 4 மணி 10 நிமிடம். 5 என்றால் 20 மணி 50 நிமிடம். நோயாளிகள் மட்டுமல்ல, ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருத்துவமனைக் கடிதங்கள், மருந்துச் சீட்டுகள், வீட்டு விசிட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இதைப் பேசாமல் செஷனை மட்டும் குறைத்தால் சம்பளம்தான் குறையும், வேலை ராத்திரி லேப்டாப்பில் தொடரும். நீங்கள் வராத நாளில் உங்கள் ரிசல்ட்டுகளை யார் பார்ப்பது என்பதையும் ஜாப் பிளானில் (உங்கள் வேலை விவரத் திட்டத்தில்) எழுதி வாங்குங்கள்.

"பொம்பளை டாக்டர்னாலே பாதி வேலைதான்" என்றாராமே அந்த சீனியர்? விடுங்கள். இங்கே ஜிபிக்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான்.

5 தர மறுத்தால் 6 கேட்டுப் பாருங்கள், மூன்று முழு நாளாக. அரை நாள்களாகச் சிதறினால் நர்சரிக் கட்டணத்துக்கே சம்பளம் போய்விடும். பிஎம்ஏ உறுப்பினர் என்றால் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை அவர்களிடம் காட்டிவிடுங்கள்.