இருமல் நின்றுவிட்டது, மாத்திரையையும் நிறுத்தலாமா?

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் வீட்டுக்காரருக்குக் காசநோய். மருந்து ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இருமல் போய்விட்டது, எடை கூடியிருக்கிறது, சளியிலும் கிருமி இல்லை என்றார்கள். இன்னும் நாலு மாதம் எதற்கு என்று அடம்பிடிக்கிறார். இல்லாத கிருமிக்கு ஏன் மருந்து?"

இல்லாத கிருமி இல்லை அம்மா, கண்ணில் படாத கிருமி. சளியில் தெரிவது வெளியே வருகிற கிருமி மட்டும்தான். மீதி எங்கே ஒளிந்திருக்கிறது தெரியுமா, அதைக் கொல்ல வேண்டிய செல்லுக்குள்ளேயே.

நுரையீரலில் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் அப்படியே விழுங்கி ஒரு சின்னப் பைக்குள் அடைத்துவிடும், அப்புறம் லைசோசோம் என்கிற அமிலப் பை வந்து அதோடு ஒட்டிக்கொண்டு அமிலத்தையும் நொதிகளையும் உள்ளே கொட்டும், கிருமி கரைந்துபோகும். பெரும்பாலான கிருமிகளின் கதை அங்கேயே முடிந்துவிடும். காசநோய்க் கிருமி அப்படி இல்லை. தன் மெழுகுத் தோலில் உள்ள கொழுப்புப் பொருளையும் சில புரதங்களையும் வெளியே விட்டு, லைசோசோமைக் கூப்பிடுகிற அடையாளத்தையே அழித்துவிடுகிறது. பைக்குள் எவ்வளவு அமிலம் என்று காட்டுகிற பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கூடும்; 5 வரைக்கும் இறங்க வேண்டிய அந்த எண் 6.2 பக்கத்திலேயே நின்றுவிடும். சில நேரம் பையின் சுவரையே ஓட்டை போட்டு செல்லுக்குள் இறங்கிவிடும்.

உடம்பும் சும்மா இருப்பதில்லை, செல்களைச் சுற்றிக் குவித்து கிரானுலோமா என்கிற கட்டிக்குள் அதைச் சிறை வைக்கிறது. ஆனால் ஆக்சிஜன் குறைந்த அந்த இடத்தில் கிருமி பெருகுவதை நிறுத்திவிட்டுக் கிடக்கும். ஐசோனியசிட் மாத்திரை கிருமி புதிதாகச் சுவர் கட்டும்போதுதான் அதை நன்றாகக் கொல்லும், தூங்குகிறவனிடம் அதன் வேலை எடுபடாது. அதனால்தான் முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் ஐசோனியசிட்டும் ரிஃபாம்பிசினும். அவ்வப்போது கண் விழிக்கிறவற்றை ஒவ்வொன்றாகப் பிடிக்க அத்தனை நாள் வேண்டும். பாதியில் விட்டால் மிச்சமிருப்பவை திரும்பப் பெருகும், மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம், அப்போது சிகிச்சை இன்னும் கடினம்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் அவர் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசின் வேலை. கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ அன்றைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், எந்த மருந்தை நிறுத்துவது என்று டாக்டர் சொல்லட்டும். வீட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் அதையும் கையோடு காட்டிவிடுங்கள்.