கல்லூரி ஃபுட்பால் வீரர்களை என்எஃப்எல் டிராஃப்டுக்கு எப்படித் தரவரிசைப்படுத்துகிறார்கள்? அந்தப் பட்டியல்களை எவ்வளவு நம்பலாம்? ரன்னிங் பேக்குகளை, அதாவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவர்களை, ஏன் கீழே தள்ளுகிறார்கள்?

முதல் பத்துப் பேர் யார் யார் என்பதை ஓரளவு நம்பலாம். அந்தப் பத்துக்குள் மூன்றாவது யார், ஏழாவது யார் என்பதை நம்பாதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். மற்றவர்களுக்கு விரிவாகச் சொல்கிறேன். நான் குடியிருப்பது ஒஹையோவில். இங்கே ஏப்ரல் வந்தால் அலுவலகத்தில் ஆளுக்கொரு பட்டியலோடு திரிவார்கள், எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்து வருஷக்கணக்காகிவிட்டது.

டிராஃப்ட் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. என்எஃப்எல் என்பது அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக், அதன் அணிகள் கல்லூரி வீரர்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். ஐபிஎல் மாதிரி இதில் ஏலம் கிடையாது. மூன்று நாள், ஏழு சுற்று, 32 அணிகள். போன சீசனில் கடைசியாக வந்த அணி முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கும், சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தை ஜெயித்த அணிக்குச் சுற்றின் கடைசி இடம். பள்ளி முடித்து மூன்று வருஷமாவது ஆகியிருந்தால்தான் ஒரு பையன் இதில் பெயர் கொடுக்க முடியும். 2025-ல் மொத்தம் 257 பேரை எடுத்தார்கள்.

இனி பட்டியல். டிவியிலும் இணையத்திலும் நாம் பார்ப்பவை ஊடகக்காரர்கள் போடுபவை. ஈஎஸ்பிஎன்னில் மெல் கைப்பர் 1984-லிருந்து இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு அணிக்கும் சொந்தமாக ஒரு பட்டியல் உண்டு, அது வெளியே வராது. ஊடகப் பட்டியலில் முந்நூறு பெயர்கள் இருந்தால், சில அணிகள் அதில் பாதிப் பேரை வடிகட்டித் தூக்கிப் போட்டிருக்கும். முழங்கால் ஸ்கேன் சரியில்லை, எங்கள் ஆட்ட முறைக்கு ஒத்து வரமாட்டான், நேர்காணலில் பேசியது பிடிக்கவில்லை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆக இருப்பது ஒரு தரவரிசை அல்ல, 32 தரவரிசை. 2025-ல் ஷெடூர் சாண்டர்ஸை முதல் சுற்றில் போவார் என்று பல பட்டியல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஐந்தாவது சுற்றில் 144-வது ஆளாகத்தான் கிளீவ்லாந்து எடுத்தது. ‘எல்லோரும் சேர்ந்து அவரைக் கவிழ்த்துவிட்டார்கள்’ என்று ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கு அதில் சதி எதுவும் தெரியவில்லை. அணிகளின் பட்டியல்களில் அவர் முதலிலிருந்தே கீழே இருந்திருப்பார், நமக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

எதை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள்? எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் என்ற சோதனை முகாம். 40 யார்டு ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், 225 பவுண்டு எடையை எத்தனை தடவை தூக்குகிறான் என்பது, கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாவற்றையும் அளப்பார்கள். டிவியில் இதற்குக் கிடைக்கும் பரபரப்பு கொஞ்சநஞ்சமல்ல. 2017-ல் ஜான் ராஸ் 40 யார்டை 4.22 வினாடியில் ஓடி அப்போதைய சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி அவரை ஒன்பதாவது ஆளாக எடுத்தது, கடைசி வரை அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மறு வருஷம் ஒர்லாண்டோ பிரவுன் ஜூனியர் அதே ஓட்டத்துக்கு 5.85 வினாடி எடுத்துக்கொண்டார், எடையை 14 தடவைதான் தூக்கினார். ஊரே சிரித்தது. மூன்றாவது சுற்றுக்குச் சரிந்து 83-வது ஆளாக பால்டிமோருக்குப் போனவர் நான்கு முறை புரோ பவுலுக்கு, அதாவது லீகின் நட்சத்திர அணிக்கு, தேர்வானார். பிற்பாடு பெரும் நட்சத்திரமான டாம் பிராடி 199-வது ஆளாகப் போன கதையை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காகக் கம்பைனே வீண் என்று சொல்லிவிட முடியாது. அணிகளுக்கு அங்கே முக்கியமானது மருத்துவப் பரிசோதனை. ஓட்டமெல்லாம் பிறகுதான்.

உண்மையான மதிப்பீடு ஆட்டப்படத்தை, அதாவது ஆட்டத்தின் வீடியோவை, பார்ப்பதில் இருக்கிறது. 2019 அக்டோபரில் ஒஹையோ ஸ்டேட் அணி நார்த்வெஸ்டர்னை 52-3 என்று துவைத்து எடுத்தது. ஸ்கோரைப் பார்த்தால் தோற்ற பக்கத்தில் உருப்படியாக ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அன்று நார்த்வெஸ்டர்னின் இடதுபக்க டேக்கிளாக, அதாவது பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை ஓரத்தில் நின்று காப்பவராக, நின்றவர் ரஷான் ஸ்லேட்டர். எதிரே சேஸ் யங், அந்த சீசனில் குவார்ட்டர்பேக்குகளைக் கீழே தள்ளியே 16.5 சாக் எடுத்தவர், மறு வருஷம் டிராஃப்டில் இரண்டாவதாகப் போனவர். இவர்கள் இருவரும் மோதிய ஆட்டங்களை மட்டும் வெட்டி எடுத்துப் பாருங்கள், பந்து எங்கே போகிறது என்பதை மறந்துவிடுங்கள்.

ஸ்னாப் ஆனதும், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கியதும், டேக்கிளின் முதல் இரண்டு அடிகளைக் கவனிக்க வேண்டும். பின்னோக்கிச் சறுக்கும்போது இடுப்பு மைதானத்தைப் பார்த்தபடியே இருக்கிறதா, இல்லை பயந்துபோய் முன்கூட்டியே வெளிப்பக்கம் திரும்பிவிடுகிறதா? திரும்பிவிட்டால் யங் மாதிரி ஆள் சட்டென்று உள்பக்கமாக நுழைந்துவிடுவார். அடுத்தது கை. எதிராளியின் நெஞ்சுக்குள் முதலில் போவது யார் கை? எதிராளி நேராக முட்டித் தள்ளும்போது டேக்கிள் இரண்டடி பின்வாங்கிக் காலை ஊன்றி நிற்கிறானா, குவார்ட்டர்பேக் மடியிலேயே போய் உட்காருகிறானா? ஸ்லேட்டர் ஊன்றி நின்றார். அவருடைய கை நீளம் 33 அங்குலம்தான், வெளிப்பக்க டேக்கிளுக்கு அது போதாது, உள்ளே கார்டாகத்தான் ஆட வேண்டும் என்று பலர் எழுதினார்கள். கொரோனாவால் 2020 சீசனை அவர் ஆடவும் இல்லை. 2021-ல் சார்ஜர்ஸ் 13-வது ஆளாக எடுத்தது, முதல் வருஷமே புரோ பவுல். அளவு நாடாவும் ஆட்டப்படமும் வேறு வேறு சொன்னால் நான் படத்தைத்தான் நம்புவேன். கையின் நீளத்தை ஈடுகட்டத் தெரிந்தவனா என்பது படத்தில்தான் தெரியும்.

டேக்கிள், கார்டு மாதிரி முன்வரிசை லைன்மேன்களை இப்படி ஓரளவு கணித்துவிடலாம், ஏனென்றால் கல்லூரியில் செய்த வேலையையே இங்கேயும் செய்யப் போகிறார்கள். குவார்ட்டர்பேக் விஷயத்தில் அந்த நிம்மதி கிடையாது. கல்லூரியில் கோச் போட்டுக்கொடுத்த எளிய திட்டம், பக்கத்தில் திறமையான சகாக்கள், எதிரே சுமாரான தடுப்பு. இதில் பையனின் பங்கு எவ்வளவு? இன்று பெரிய நட்சத்திரமான பாட்ரிக் மஹோம்ஸ் டெக்சஸ் டெக்கில் ஆடியது, பந்தை அதிகமாக எறியும் ‘ஏர் ரெய்ட்’ முறை. அந்த முறையில் ஆடி வந்த குவார்ட்டர்பேக்குகள் எண்ணிக்கையைக் குவிப்பார்கள், என்எஃப்எல்லில் எடுபடமாட்டார்கள் என்பதுதான் அப்போதைய பேச்சு. 2017-ல் ட்ருபிஸ்கி என்ற குவார்ட்டர்பேக் இரண்டாவதாகப் போனார். மஹோம்ஸுக்காக கன்சாஸ் சிட்டி வேறொரு அணியோடு இடம் மாற்றிக்கொண்டு 27-லிருந்து 10-க்கு ஏறி வந்தது, வந்த பிறகும் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஒரு வருஷம் உட்கார வைத்தது.

2018 இன்னும் சுவாரசியம். முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள்: மேஃபீல்ட் 1, டார்னால்ட் 3, ஜாஷ் ஆலன் 7, ரோசன் 10, லமார் ஜாக்சன் 32. ஆலன் வயோமிங்கில் எறிந்த பந்துகளில் 56 சதவீதம்தான் கைக்குப் போய்ச் சேர்ந்தது, ‘குறி பார்க்கத் தெரியாதவன் இங்கே வந்து கற்றுக்கொள்ள மாட்டான்’ என்று எண்களை நம்புபவர்கள் அடித்துச் சொன்னார்கள். லமார் 2016-ல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மேன் கோப்பை வாங்கியவர், அவரையே பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாறச் சொன்னவர்கள் உண்டு. இன்று லமாரிடம் சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது இரண்டு, ஆலனிடம் ஒன்று. ரோசனை அரிசோனா ஒரே வருஷத்தில் கைகழுவியது. நியூயார்க் ஜெட்ஸில் சொதப்பிய டார்னால்ட், பல ஊர் சுற்றி 2024-ல் மினசோட்டாவில் 14 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். அதே ஆள், அதே கை. மாறியது கோச்சும் சுற்றி நின்றவர்களும். இதை எந்தப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

தேர்வு வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றும் பார்த்தார்கள். 12 நிமிஷத்தில் 50 கேள்வி கேட்கும் வொண்டர்லிக் தேர்வைக் கம்பைனிலிருந்து 2022-ல் எடுத்துவிட்டார்கள். பிறகு மூளையின் வேகத்தை அளக்கும் கணினிச் சோதனைகள் வந்தன. 2023 டிராஃப்டுக்கு முன்னால் எங்கள் ஒஹையோ ஸ்டேட் பையன் சி.ஜே. ஸ்ட்ரவுட் அப்படி ஒன்றில் மோசமாக எடுத்தார் என்று செய்தி கசிந்தது. கரோலைனா முதல் ஆளாக பிரைஸ் யங் என்ற வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தது. இரண்டாவதாக ஹூஸ்டனுக்குப் போன ஸ்ட்ரவுட் முதல் வருஷமே 4,108 யார்டு எறிந்து, சிறந்த புதுமுகம் விருதையும் வாங்கினார். அந்த மதிப்பெண்ணைக் கசியவிட்டது யாரோ, அவர்களுக்கு என்ன லாபமோ!

சரி, கசிவையெல்லாம் விடுங்கள். ரிச்சர்ட் தேலர், கேட் மாஸி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல வருஷ டிராஃப்ட்களை எடுத்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேர், உதாரணமாக அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இரண்டு ரிசீவர்கள். முதலில் போனவர் மற்றவரைவிட நன்றாக ஆட எவ்வளவு வாய்ப்பு? சுமார் 52 சதவீதம். பூவா தலையா போட்டால்கூட ஐம்பது கிடைத்துவிடும். கோடிக்கணக்கில் செலவழித்து, ஊர் ஊராக ஸ்கவுட்களை அனுப்பி, மிஞ்சியது அந்த இரண்டு சதவீதம். ஆனால் முதல் சுற்று ஆட்களையும் ஐந்தாவது சுற்று ஆட்களையும் கூட்டமாக ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நான் ஆரம்பத்தில் சொன்னது இதை வைத்துத்தான்.

அதனால் நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போடுவதில்லை, அடுக்கு அடுக்காகப் பிரிக்கிறேன். முதல் நாளிலிருந்தே நிலைத்து ஆடக்கூடியவர்கள் ஒரு அடுக்கு, ஒரு வருஷம் பழக்கினால் ஆடக்கூடியவர்கள் அடுத்தது, உடம்பு இருக்கிறது ஆட்டம் இன்னும் வரவில்லை என்பவர்கள் மூன்றாவது. ஒரே அடுக்கில் நாலு ரிசீவர்கள் மிச்சமிருக்கும்போது அவர்களில் ஒருவருக்காக அடுத்த வருஷத்து பிக்கை, அதாவது தேர்வு வாய்ப்பை, கொடுத்து மேலே ஏறும் அணியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். 2021-ல் ட்ரே லான்ஸுக்காக சான் ஃபிரான்சிஸ்கோ தன் முதல் சுற்று பிக்கோடு அடுத்த இரண்டு வருஷத்து முதல் சுற்று பிக்குகளையும் கொடுத்து மூன்றாவது இடத்துக்கு ஏறியது. லான்ஸ் நிலைக்கவில்லை. 2022-ல் கடைசி ஆளாக, 262-வதாக, அதே அணி எடுத்த பிராக் பர்டிதான் அவர்களை சூப்பர் பவுல் வரை கூட்டிப்போனார்.

ரன்னிங் பேக் கேள்விக்கு வருகிறேன். அது ஆட்டத் திறமையைவிடச் சம்பளக் கணக்கைப் பற்றியது. 2010-ல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகை மட்டுமே 5 கோடி டாலர். 2011-ல் புது விதி வந்தது. அந்த வருஷத்து முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கும் சேர்த்தே சுமார் 2.2 கோடி. இப்போது பிக் எண் தெரிந்தால் சம்பளமும் ஏறக்குறைய தெரிந்துவிடும், ஆடும் இடம் எதுவானாலும் அதே தொகை. வெளிச்சந்தையில் நல்ல குவார்ட்டர்பேக்கோ டேக்கிளோ வாங்கப் போனால் சொத்தை எழுதி வைக்க வேண்டும், ரன்னிங் பேக் மலிவாகவே கிடைப்பார். அப்படியிருக்க மேலே இருக்கும் பிக்கை அவருக்குச் செலவழித்தால் மிச்சம் பிடிப்பது ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, அடிபட்டு அடிபட்டு அவர்களுடைய ஆட்டக்காலமும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

சேக்வான் பார்க்லியைப் பாருங்கள். 2018-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது. திறமைக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் அந்த வருஷம் அவருக்கு மேல் யாரையும் நான் வைத்திருக்க மாட்டேன். ஆனால் அவருக்கு முன்னால் வழியைத் திறந்துவிட ஒழுங்கான லைன் இல்லை, அணியும் தோற்றுக்கொண்டே இருந்தது. ஆறு சீசன் கழித்துப் போக விட்டார்கள். 2024-ல் ஃபிலடெல்ஃபியா எந்த பிக்கும் கொடுக்காமல் சம்பளத்துக்கு மட்டும் அவரை எடுத்து, நாட்டிலேயே சிறந்த லைன்களில் ஒன்றுக்குப் பின்னால் ஓடவிட்டது. 2,005 யார்டு ஓடினார், சூப்பர் பவுலும் ஜெயித்தார்கள். 2025-ல் லாஸ் வேகஸ் ஆஷ்டன் ஜென்டியை ஆறாவது ஆளாக எடுத்தபோது என் அலுவலக நண்பர்கள் கைதட்டினார்கள். நான் அவர்களிடம் கேட்டது, அந்த அணியின் லைனில் யார் யார் நிற்கிறார்கள் என்று.