பின்மண்டை வலியும் மெலிந்த ரத்தக் குழாயும்

கேள்வி: எனக்கு 46 வயது. நான்கு மாதமாகப் பின்மண்டையில் வலி இருக்கிறது, மாலை ஆனால் கூடுகிறது. படுக்கையில் புரளும்போது சில நொடிகள் தலை சுற்றுகிறது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் வலது வெர்டிப்ரல் தமனி ‘ஹைப்போபிளாஸ்டிக்’ என்று எழுதியிருக்கிறது. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் குறைவாகப் போவதால்தான் வலி என்கிறார்கள். பக்கவாதம் வருமா? ரத்த ஓட்டத்தைக் கூட்ட மாத்திரை உண்டா? கழுத்தை நெட்டி முறித்தால் சரியாகுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த ரத்தக் குழாய்க்கும் உங்கள் வலிக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வலியைவிட ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரிதான் உங்களை அதிகம் படுத்துகிறது என்று நினைக்கிறேன்.

மூளைக்குக் கழுத்து வழியாக நான்கு பெரிய தமனிகள் போகின்றன. முன்பக்கம் இரண்டு கரோட்டிட், பின்பக்கம் இரண்டு வெர்டிப்ரல். வெர்டிப்ரல் தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகளுக்குள் நுழைந்து ஏறி, மண்டைக்குள் ஒன்று சேர்ந்து பேசிலர் தமனியாகின்றன. மூளைத்தண்டு, சிறுமூளை, பார்வையைக் கவனிக்கும் பின்மூளை ஆகியவற்றுக்கு ரத்தம் தருவது இந்தப் பாதைதான். இரண்டு வெர்டிப்ரலும் ஒரே பருமனாக இருப்பதில்லை. பலருக்குப் பிறவியிலேயே ஒன்று, பெரும்பாலும் வலதுபக்கத்தது, சிறுத்திருக்கும், மற்றது ஈடுகட்டிவிடும். ‘ஹைப்போபிளாஸ்டிக்’ என்று குறிப்பிடுவது இதைத்தான். ‘ஸ்டெனோசிஸ்’ என்று எழுதியிருந்தால் கதை வேறு: அது நன்றாக இருந்த குழாய் பின்னாளில் சுருங்கியது, பெரும்பாலும் கொழுப்புப் படிவால்.

சரி, பின்மூளைக்கு உண்மையிலேயே ரத்தம் குறைந்தால் என்ன ஆகும்? மூளைத் திசுவுக்கு வலி உணரும் நரம்புகள் கிடையாது. ஆகவே ரத்தம் குறைந்த பகுதி தன் வேலையை நிறுத்துவதுதான் முதலில் தெரியும். ஒன்று இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது, நடை தள்ளாடுவது, பார்வையின் ஒரு பாதி மறைவது, வாயைச் சுற்றியோ ஒருபக்கக் கை காலிலோ மரத்துப்போவது எல்லாம் பெரும்பாலும் திடீரென்று வரும். கூடவே தலைவலியும் இருக்கலாம். ஆனால் மாதக் கணக்கில் தலைவலி மட்டும் தனியாக இருந்தால், காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். மேலே சொன்னவற்றில் ஒன்று வந்து பத்தே நிமிடத்தில் மறைந்துவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அப்புறம், சாதாரண சி.டி. ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதற்காக நிம்மதியாகிவிட முடியாது. சுற்றிலும் தடித்த எலும்பு இருப்பதால் பின்மூளை அதில் தெளிவாகத் தெரியாது.

உங்கள் தலைச்சுற்றல் படுக்கையில் புரளும்போது வந்து சில நொடிகளில் அடங்குகிறது. இது பெரும்பாலும் உட்காதில் உள்ள நுண்ணிய படிகங்கள் இடம் மாறுவதால் வருவது. மருத்துவர் உங்களைப் படுக்கவைத்துத் தலையைத் திருப்பிச் செய்யும் சோதனையிலேயே இது தெரிந்துவிடும். தலையை வரிசையாகச் சில நிலைகளில் வைக்கும் எப்லி முறையில் பலருக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிறது.

மாலையில் கூடும் பின்மண்டை வலிக்குக் கழுத்துத் தசை இறுக்கமோ கழுத்து மூட்டுகளோ காரணமாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலிகூட பின்மண்டையில் தொடங்குவதுண்டு. எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று வந்தால் உடனே அதன்மேல் பழி போட்டுவிடாதீர்கள். வயது ஏற ஏற, வலியே இல்லாதவர்களுக்கும் அது தெரியும். தேய்ந்த எலும்பு தமனியை நசுக்குவது மிக அபூர்வம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதுவரை இல்லாத ஒரு வலி கழுத்திலோ பின்மண்டையிலோ, குறிப்பாக ஒருபக்கமாக, திடீரெனப் பிடித்தால் அலட்சியம் கூடாது. வெர்டிப்ரல் தமனியின் உட்சுவர் கிழிந்தால் அப்படி வலிக்கும். நடுத்தர வயதினருக்கும் இளைஞர்களுக்கும் இது வருகிறது. பக்கவாதம் பல சமயம் அதற்குச் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து வரும் என்பதால் இடையில் தடுக்க நேரம் கிடைக்கலாம். விபத்தில் கழுத்து வெடுக்கென்று இழுபடுவது, வேகமாக நெட்டி முறிப்பது இரண்டுக்குப் பிறகும் இது நேர்ந்திருக்கிறது. எனவே கழுத்தை யாரும் சட்டென்று திருக விடாதீர்கள். தோள்களை மென்மையாகப் பிடித்துவிடுவதிலோ பிசியோதெரபி பயிற்சியிலோ தவறில்லை.

‘ரத்த ஓட்ட மாத்திரை’ என்ற பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் பீட்டாஹிஸ்டின், சின்னரிசின் போன்ற தலைச்சுற்றல் மாத்திரைகள். மெலிந்த தமனியை அவை பருமனாக்காது. சின்னரிசினை மாதக் கணக்கில் சாப்பிட்டால் சிலருக்குக் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வரும். வலி மாத்திரையிலும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை நீட்டிக்கக்கூடும்.

பக்கவாதம் பற்றிய உங்கள் பயத்துக்கு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள். அந்தத் தமனிக்காக மட்டும் ஸ்கேனைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. யாராவது ஆஸ்பிரின் எழுதித் தந்திருந்தால், எதற்காகத் தந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.