மணல் போட்டால் தீ அணைந்துவிடாது

கடலூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மார்கழிக் குளிருக்கு எங்கள் தென்னந்தோப்பில் தீ மூட்டினோம். ஒரே புகை, சரியாக எரியவில்லை. மணலைப் போட்டு மூடிவிட்டோம். காலையில் அதில் கால் வைத்த பையனுக்கு உள்ளங்கால் வெந்துவிட்டது. எங்கே தவறினோம்?"

முதலில் பையன். கொப்புளம் வந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பற்பசை, மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம்.

தவறு மணலில்தான். அந்தக் காலத்தில் பாட்டிகள் இரவில் கங்குகளைச் சாம்பலால் மூடிவைத்து, விடிந்ததும் ஊதி அடுப்பு மூட்டினார்கள். நீங்கள் செய்ததும் அதேதான். மூடிய கங்கு மெதுவாகக் கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர்தான் வழி. ஊற்றுங்கள், கம்பால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். 'ஸ்ஸ்' சத்தம் நின்ற பிறகு புறங்கையைச் சற்று மேலே நீட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி.

முகாமில் தீ மூட்ட அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்தில் மூன்று மேசை ஏறி இறங்கியிருக்கிறேன். எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

அப்புறம் புகை. அது ஈர விறகு. நம் பக்கம் சவுக்குக்குக் குறைவில்லை, நல்ல விறகும்கூட. ஆனால் பச்சையாக வெட்டியதை எடைக்கு விற்கும் தரகர்களிடம் ஏமாறாதீர்கள். அந்த எடையில் பாதி வரை தண்ணீராக இருக்கலாம். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்'கென்று கேட்கும், ஈரம் 'தொப்'பென்று விழும். வெட்டுமுனையில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். "கொஞ்சம் டீசல் ஊற்றினால் பிடிச்சிடும் சார்" என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

தோப்பிலேயே பன்னாடை, அதாவது தென்னை மட்டையடியில் இருக்கும் வலை போன்ற நார், கிடக்கும்போது டீசல் எதற்கு? அதைக் கசக்கி நடுவில் வையுங்கள், மேலே சுள்ளி, காற்றுப் போக இடைவெளி விட்டு விரல் கனக் குச்சி, பிடித்த பிறகு கட்டை. தரையில் பத்தடிச் சுற்றுக்குச் சருகைக் கூட்டிவிடுங்கள், தலைக்கு மேல் தென்னமட்டை தொங்காத இடமாகப் பாருங்கள்.

காய்ந்தது எதையும் போடலாமா என்றால், கூடாது. முக்கியமாக முந்திரிக்கொட்டை ஓடு. பண்ருட்டிப் பக்கம் நிறையக் கிடைக்கிறது, நன்றாகவும் எரியும். அதனாலேயே சொல்கிறேன். அந்த ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகும். உடைக்கும் பெண்களின் விரல்களைப் பாருங்கள், தெரியும். புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். பையன் பக்கத்தில் உட்காரும் தீயில், சோளம் சுடும் தீயில், ஒரு பிடிகூட வேண்டாம்.